இந்த வீட்டில் வசிப்பவர் அல்ல

“அப்ப நான் இல்லவே இல்லைங்கிறியா?”

“இல்லைன்னு சொல்லலை. டேபிள்ல இல்லைன்னு சொல்றேன்.”

“போன வாரம் இருந்தேனே.”

“போன வாரம் இருந்தே. புதன்கிழமை பதினொன்னு இருபதுக்கு அழிஞ்சு போயிட்டே.”

அண்ணன் தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டான். விரல் இடுக்குகளில் கறுப்பு மசகு. “புதன்கிழமை பதினொன்னு இருபதுக்கு நான் ஒரு துணிக்கடை லிஃப்டுக்குக் கயிறு மாத்திட்டிருந்தேன். ஒண்ணும் தெரியலையே. ஒரு தும்மல்கூட வரலை.”

அவன் லிஃப்ட் பழுது பார்க்கிறவன். சாப்பாட்டு வேளையில் மகளின் பள்ளிக்கூட ஆப்பைத் திறந்திருக்கிறான். “இப்படி ஒரு பயனர் இல்லை. சரிபார்த்து மீண்டும் முயலவும்” என்று வந்திருக்கிறது. சரிபார்த்து ஐந்து முறை முயன்றிருக்கிறான். பிறகு கருவிப் பையோடு நேராக என் அலுவலகத்துக்கு வந்து, என் மேஜைக்குப் பக்கத்தில் இருந்த காலி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். அந்த ஆப்பைச் செய்தது எங்கள் கம்பெனி. அந்த வாசகத்தை எழுதியது நான். ‘தயவுசெய்து’ என்று ஆரம்பத்தில் ஒரு சொல் இருந்தது. இடம் போதவில்லை என்று எடுத்துவிட்டோம்.

மணி இரண்டு முப்பத்தைந்து. வெள்ளிக்கிழமை. பள்ளி விடுவது நான்கு மணிக்கு.

அண்ணனும் அண்ணியும் பிரிந்து பத்து மாதம் ஆகிறது. ஏழு வயது மகள், எங்களுக்குச் சுண்டெலி, வாரநாட்களில் அம்மாவிடம். வெள்ளி மாலை நான்கு மணியிலிருந்து ஞாயிறு மாலை ஆறு மணிவரை அப்பாவிடம். வக்கீல்கள் எழுதிய காகிதத்தில் ஒரு வரி உண்டு: மூன்று வெள்ளிக்கிழமை தவறினால், அடுத்த விசாரணை வரைக்கும் சனிக்கிழமை இரண்டு மணி நேரம் மட்டும், அதுவும் மூன்றாம் மனிதர் ஒருவர் கூட உட்கார்ந்திருக்க. அண்ணன் ஏற்கெனவே இரண்டு தவறவிட்டிருந்தான். முதல் முறை ஆறாவது மாடிக்கும் ஏழாவது மாடிக்கும் நடுவில் ஐந்து பேர் மாட்டிக்கொண்டிருந்தார்கள். இரண்டாவது முறை மறந்துவிட்டான். “மறந்துட்டேன்” என்று இரண்டு வக்கீல்களுக்கும் முன்னால் அப்படியே சொன்னான். அவனுடைய வக்கீல் கண்ணை மூடிக்கொண்டாராம்.

ஆகவே இன்று நான்கு மணிக்கு அவன் பள்ளி வாசலில் நிற்க வேண்டும். நிற்பது பெரிய காரியமில்லை. வாசலில் இருக்கும் காவலாளியின் கையில் ஒரு டேப்லெட் இருக்கும். பெயரைத் தட்டினால் படம் வரும். படத்தின் கீழே பச்சை வந்தால்தான் பிள்ளையை அனுப்புவார். “காவலாளி மனிதர், மறந்துவிடுவார். நாங்கள் மறக்க மாட்டோம்.” எங்கள் விளம்பரத்தில் இப்படித்தான் இருக்கிறது. பின்னணியில் ஒரு குழந்தை, யாருடையதோ, சிரித்துக்கொண்டிருக்கும்.

“என்னதான் ஆச்சு? எனக்குப் புரியற மாதிரி சொல்லு,” என்றான்.

புரிகிற மாதிரி சொல்வது என்றால் தரகரிலிருந்து தொடங்க வேண்டும்.

தரவுத்தளத்தில் இருப்பவை வெறும் அட்டவணைகள், நாங்கள் டேபிள் என்று சொல்பவை. வரிசை, கட்டம், எண். நிரல் எழுதுகிறவர்களுக்கு அட்டவணையோடு பேசுவது கௌரவக் குறைச்சல். எங்களுக்கு வேண்டியது உருவங்கள்: இது குடும்பம், இது உறுப்பினர், இவர் இவருக்கு இன்ன உறவு. இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் பேச்சுவார்த்தை கிடையாது என்பதால் நடுவில் ஒருவர் வேண்டும். அதற்கென்றே ஒரு நிரல் தொகுப்பு இருக்கிறது. அலுவலகத்தில் எல்லாரும் அதைத் தரகர் என்போம். ‘குடும்பம்’ என்று ஓர் உருவத்தை எழுதி, தலையில் ‘இது நிஜம்’ என்று சின்னதாக ஒரு குறி போட்டால் போதும். தரகர் ஓடிப்போய் அட்டவணை போட்டு, எண் கொடுத்து, யாருக்கு யார் சொந்தம் என்று இரண்டு பக்கமும் சொல்லிவைத்துவிடுவார். என்ன சொன்னார் என்று யாரும் கேட்பதில்லை. கேட்காமல் இருக்கத்தானே தரகர்.

இந்தக் குடும்பத்தை உருவாக்கியதும் நான்தான். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் மாதம், ஒரே மதியத்தில். சாப்பாட்டுக்கு முன்னால் உறுப்பினர், சாப்பாட்டுக்கு அப்புறம் உறவு. எத்தனையோ தலைமுறைகள் அடித்துக்கொண்ட விஷயத்தை நாற்பது வரியில் முடித்துவிட்டு ஐந்தரை மணிக்கு வீட்டுக்குக் கிளம்பினேன். உறவு என்ற கட்டத்துக்கு மூன்றே மதிப்புகள்: அம்மா, அப்பா, மற்றவர். அத்தை, சித்தி, பெரியப்பா, மாமா எல்லாரும் மற்றவர். சுண்டெலிக்கு நானே மற்றவர்தான். ‘அத்தை’ என்று ஒன்று சேர்க்கட்டுமா என்று அப்போதே கேட்டேன். “சேர்த்தா, அப்புறம் சித்தப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் வித்தியாசம் கேப்பாங்க, அதுக்கு முடிவே இருக்காது” என்று சட்டாம்பிள்ளை சொல்லிவிட்டார். சட்டாம்பிள்ளை எங்கள் குழுத் தலைவர். பெயர்க் காரணம் அவர் முதுகுக்குப் பின்னால் சுவரில் தொங்குகிறது: பதினேழு விதிகள், கெட்டி அட்டையில்.

“அண்ணி புதன்கிழமை வீட்டு விலாசத்தை மாத்தியிருக்காங்க,” என்றேன். “மாத்தும்போது ஆப் ஒவ்வொருத்தரா கேக்கும், இவர் இந்த வீட்டில் வசிப்பவரான்னு. உன் பேருக்கு ‘அல்ல’ன்னு போட்டிருக்காங்க.”

“உண்மைதானே. நான் அங்க இல்லையே.”

“உண்மைதான். அதனால குடும்பத்தோட பட்டியல்லருந்து உன்னை எடுத்துட்டாங்க. எடுத்ததும் தரகர் பார்த்தாரு. இந்த ஆள் எந்தக் குடும்பத்துலயும் இல்லை. அப்ப யாருக்கும் வேண்டாதவன். அழிச்சுடு.”

“அது எப்படி? ஒரு வீட்டுல இல்லைன்னா உலகத்துலயே இல்லையா?”

“அப்படி ஒரு வரி எழுதியிருக்கு.”

“யாரு அந்தப் புண்ணியவான்?”

ஜன்னலுக்கு வெளியே, எதிர்க் கட்டடத்தின் குளிர்சாதனப் பெட்டி மேல் ஒரு புறா தன்னைத்தானே சுற்றி நடந்துகொண்டிருந்தது. அதையே கொஞ்ச நேரம் பார்த்தேன்.

“புண்ணியவதி,” என்றேன்.

அந்த வரிக்கு அன்று எனக்குக் கைதட்டல் கிடைத்தது. அதற்கு முன்பெல்லாம் ஒருவரைக் குடும்பத்திலிருந்து எடுத்தாலும் அவருடைய வரிசை அட்டவணையில் அநாதையாகக் கிடக்கும். செய்திகள் போய்க்கொண்டே இருக்கும். ஒரு குடும்பம் தன் பட்டியலில் சேர்த்து, பிறகு எடுத்துவிட்ட பழைய வேன் ஓட்டுநர். வேலையை விட்டு ஆறு மாதம் ஆகியும் “உங்கள் மகளுக்குக் காய்ச்சல், உடனே வரவும்” என்று அவருக்கு வந்துகொண்டிருந்தது. நல்ல மனிதர். கல்யாணமே ஆகாதவர். ஒரு தடவை மாத்திரை வாங்கிக்கொண்டே பள்ளிக்குப் போய்விட்டாராம். பள்ளியிலிருந்து புகார் வந்தது. நான் உறவுக்குப் பக்கத்தில் ஒரே ஒரு சொல்லைச் சேர்த்தேன்: குடும்பத்தை விட்டுப் போனவரை அழித்துவிடு. அன்றிலிருந்து அட்டவணை கண்ணாடி போலச் சுத்தம். பிரிந்த அப்பாவும் வேலையை விட்ட வேன் ஓட்டுநரும் தரகருக்கு ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றவில்லை. எனக்கு அப்போது பிரிந்தவர்கள் யாரையும் தெரியாது.

அண்ணன் திட்டுவான் என்று காத்திருந்தேன். அவன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான்.

“சரி. நீ போய்க் கூட்டிட்டு வந்துடு. நான் மூலையில நிக்கறேன். உன் பேர்தான் இருக்கே.”

இதை முதலிலேயே யோசிக்காததற்கு என்னை நானே நொந்துகொண்டு, அட்டவணையில் என் வரிசை எண்ணைத் தட்டினேன். ஐயாயிரத்து இருநூற்று முப்பது. வரவில்லை. மறுபடி தட்டினேன். ஐயாயிரத்து இருநூற்று இருபத்தொன்பதுக்குப் பிறகு ஐயாயிரத்து இருநூற்று முப்பத்தொன்று.

“என்ன?”

“என்னைச் சேர்த்தது யாரு?”

“நான்தான். உன் பிறந்தநாளைக்கு.”

“உன் சிபாரிசுல வந்தவங்க உன்னோடயே போயிடுவாங்க. அதுவும் ஒரு வரி.”

“அதுவும் நீதானா?”

“அதே மதியம்.”

அவன் சிரித்துவிட்டான். சின்ன வயதில் நாங்கள் இருவரும் சேர்ந்து ஏதாவது உடைத்தபோது இப்படித்தான் சிரிப்பான். “பரவாயில்லை. துணைக்கு நீ இருக்கே. அதாவது, இல்லாம இருக்கே.”

அழிந்த வரிசைகள் எங்கே போகின்றன என்று நான் சில சமயம் யோசிப்பதுண்டு. ஒரு முறை கொடுத்த எண்ணைத் தரவுத்தளம் வேறு யாருக்கும் கொடுக்காது. நாலாயிரத்து நூற்றுப் பதினாறுக்குப் பின்னால் நாலாயிரத்து நூற்றுப் பதினெட்டு. நடுவில் அண்ணன் அளவுக்கு ஒரு இடைவெளி. பல் விழுந்த இடம் மாதிரி.

பள்ளிக்குப் போன் செய்தேன். அலுவலக அம்மா எடுத்தார்.

“சொல்லும்மா. உங்க சாஃப்ட்வேர் ரொம்ப நல்லா வேலை செய்யுது.”

“அதைப் பத்தித்தாம்மா பேசணும்.” விஷயத்தைச் சொன்னேன்.

“ஐயோ, அவரா? அவரை எனக்கு நல்லாத் தெரியுமே. விளையாட்டு விழா அன்னைக்கு எங்க மைக் செட்டையே சரி பண்ணிக் குடுத்தாரு. தங்கமான மனுஷன்.”

“அப்ப நீங்க காவலாளிகிட்ட ஒரு வார்த்தை சொல்லி...”

“பச்சை வரணுமேம்மா.”

“உங்களுக்கு அவரைத் தெரியும்னு சொன்னீங்களே.”

“எனக்குத் தெரிஞ்சு என்ன பண்றது? நீங்கதானே வந்து பாடம் நடத்தினீங்க, பிரின்சிபாலே சொன்னாலும் பச்சை வராம அனுப்பக் கூடாதுன்னு. சிவப்பு எழுத்துல போட்டுக் காமிச்சீங்களே, காவலாளி அதை எழுதி வாசல்ல ஒட்டியே வச்சிருக்காரு.”

அந்தப் பயிற்சியின் ஒன்பதாவது பக்கம். சிவப்பு என் யோசனைதான்.

“நீங்களே அவரைத் திரும்பச் சேர்த்துட முடியாதாம்மா?”

“எடுக்கறதுக்குத்தான் எங்களுக்கு பட்டன் குடுத்திருக்கீங்க. சேர்க்கணும்னா அந்தக் குடும்பத்தோட கணக்கு யார் கையில இருக்கோ அவங்க சம்மதிக்கணும்னு வருது. அம்மா கையில இருக்கு.”

நன்றி சொல்லி வைத்தேன். வெளியாள் யாரும் தானாக உள்ளே நுழைந்துவிடக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. நன்றாகவே வேலை செய்கிறது.

மூன்று மணிக்கு மேல் ஆகிவிட்டது. பள்ளியின் தரவை நகலெடுத்து வைத்திருக்கும் சோதனைப் பிரதியைத் திறந்தேன். நகலில் ஒரு வழி கிடைத்தால் அதை வைத்துச் சட்டாம்பிள்ளையிடம் பேசலாம். முதலில் அண்ணனுக்குத் தனிக் குடும்பம் ஒன்று போட்டேன். பிள்ளை இல்லாத குடும்பத்தைப் பள்ளி மென்பொருளில் எதற்கு வைத்திருக்க வேண்டும் என்று தரகர் கேட்டார். நியாயம். பிறகு, அண்ணன் பக்கத்திலிருந்து சுண்டெலியை இணைத்தேன்: ‘இவருடைய பிள்ளைகள்’ என்ற பட்டியலில் அவள் பெயரைச் சேர்த்துச் சேமித்தேன். எந்தப் பிழையும் வரவில்லை. “ஆயிடுச்சா?” என்று அண்ணன் எழுந்தே விட்டான். அட்டவணையைப் போய்ப் பார்த்தால் ஒரு எழுத்துகூட மாறவில்லை.

“உறவுக்கு ரெண்டு முனை இருக்கும்,” என்றேன். “தரகர் ஒரு முனையைத்தான் நம்புவாரு. இன்னொரு முனையில யார் என்ன சொன்னாலும் சரி சரின்னு கேட்டுக்குவாரு, எழுத மாட்டாரு.”

“எந்த முனையை நம்புவாரு?”

“குடும்பத்தோட முனையை.”

“நான் அவளுக்கு அப்பான்னு நான் சொன்னா?”

“கேட்டுக்குவாரு.”

அவன் மறுபடி உட்கார்ந்தான். மிச்சம் இருந்தது ஒரே வழி. ஒரு பிள்ளைக்கு ஒரு குடும்பம்தான் இருக்க முடியும் என்று எழுதியிருந்தேன். ஆகவே சுண்டெலியையே அண்ணனின் புதுக் குடும்பத்துக்கு மாற்றிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை திருப்பி மாற்றிவிடலாம். நகலில் செய்து பார்த்தேன். அம்மாவின் பட்டியலிலிருந்து எடுத்தேன், அப்பாவின் பட்டியலில் வைத்தேன், சேமித்தேன்.

திரையில் கொஞ்ச நேரம் ஒரு வட்டம் சுற்றியது. பிறகு குடும்பம் வந்தது. முகவரி இருந்தது. உறுப்பினர் பட்டியலில் அண்ணன் மட்டும் இருந்தான்.

“சுண்டெலி எங்க?”

எனக்குப் புரிந்துவிட்டது. எடுப்பதற்கும் வைப்பதற்கும் நடுவில் ஒரு கணம் அவள் எந்தக் குடும்பத்திலும் இல்லை. தரகருக்கு ஒரு கணம் போதும். அவளோடு இரண்டு வருட வருகைப் பதிவு, தடுப்பூசித் தேதிகள், ஓவியப் போட்டியில் இரண்டாம் பரிசு, ‘கீழ்ப்பல் ஒன்று விழுந்தது, பொட்டலத்தில் கொடுத்தனுப்பினோம்’ என்று டீச்சர் எழுதிய குறிப்பு, எல்லாம் வரிசையாகப் போயிருந்தன. திரையின் கீழே ‘வெற்றிகரமாகச் சேமிக்கப்பட்டது’ என்று இருந்தது.

“இது நகல்தான் அண்ணா. நிஜத்துல ஒண்ணும் ஆகலை.”

“மறுபடி கொண்டு வா.”

“நகல்னு சொன்னேனே...”

“மறுபடி கொண்டு வா முதல்ல.”

பழைய நகலை ஏற்றினேன். நாற்பது நொடி ஆகும். அந்த நாற்பது நொடியும் அவன் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவள் பெயர் வந்ததும் கையை எடுத்தான். விளிம்பில் நான்கு கறுப்பு விரல் தடம்.

சட்டாம்பிள்ளை இதையெல்லாம் கேட்டுக்கொண்டு என் பின்னால் வந்து நின்றது அப்போதுதான் தெரிந்தது. அண்ணனுக்கு வணக்கம் சொன்னார். நடந்ததை மூன்று வாக்கியத்தில் சொன்னேன்.

“வரியை இப்பவே எடுத்துடட்டுமா சார்?”

“வெள்ளிக்கிழமை வெளியீடு கிடையாது,” என்றார். விதி நான்கு: நிரலில் எந்த மாற்றமும் வெள்ளியன்று பள்ளிகளுக்குப் போகாது. சுவரிலிருந்த அட்டையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“சார்,” என்றான் அண்ணன், “லிஃப்ட்ல ஆள் மாட்டிக்கிட்டா நாங்க மிஷினோட பேசிட்டிருக்க மாட்டோம். மேல போய் ஒரு சாவியைப் போட்டுக் கையால சுத்தி இறக்கிடுவோம். உங்ககிட்ட அப்படி ஒரு சாவி இல்லையா?”

“இருக்கு. தரகரை விட்டுட்டு நேரா டேபிள்ல போய்க் கையால எழுதலாம்.”

“எழுதுங்களேன்.”

“பள்ளிக்கூடத்துலருந்து எழுத்துல கேட்டு, ரெண்டு பேர் கையெழுத்துப் போட்டு, அப்புறம்தான். குறைஞ்சது ரெண்டு நாள். விதி பதினொன்னு.”

விதி பதினொன்று எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும். போன வருடம் ஒரு பெண்மணியின் போன் எண்ணை ஒருவர் கையால் மாற்றப் போனார். எந்தப் பிள்ளைக்கு என்ற நிபந்தனையை எழுத மறந்துவிட்டார். இருபது நிமிடம் அறுநூற்று நாற்பது பிள்ளைகளுக்கும் அம்மா அந்தப் பெண்மணி ஒருவர்தான். அன்று மத்தியானச் சாப்பாட்டில் ஏதோ கோளாறு. தொண்ணூற்று மூன்று பிள்ளைகளுக்கு வயிற்றுவலி. தொண்ணூற்று மூன்று செய்தியும் அந்தப் பெண்மணிக்கே போயின. கையால் மாற்றியவர் இப்போது என் நாற்காலிக்குப் பின்னால் நின்று, அண்ணனின் முகத்தைப் பார்க்காமல் தன் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“அது மட்டுமில்ல,” என்றார் மெதுவாக, “இவங்க உங்க தங்கச்சி. தங்கச்சி கையால அண்ணனைச் சேர்த்தாங்கன்னு நாளைக்கு ஒரு கேள்வி வந்தா, பதில் சொல்ல முடியாது. முறைப்படி ஒரு வழி இருக்கு. அழைப்பு அனுப்பறது.”

இருந்தது. அதுவும் நான் செய்ததுதான். புதிதாக ஒருவரைச் சேர்க்க வேண்டுமென்றால் குடும்பக் கணக்கு வைத்திருப்பவரின் போனுக்கு ஒரு கேள்வி போகும். அவர் ‘ஆம்’ தொட்டால் அடுத்த நொடி காவலாளியின் கையில் பச்சை.

“அவளுக்கா?” என்றான் அண்ணன். “நான் கூப்பிட்டா எடுக்க மாட்டா. வக்கீல் மூலமாத்தான் பேசணும்னு இருக்கு.”

“நான் பேசறேன். நீ கிளம்பு. வாசல்ல போய் நில்லு.”

“பச்சை வரலைன்னா?”

“வந்தா நீ அங்க இருக்கணும்ல. எப்பவும் கூப்பிட்டாத்தான் வருவே. இன்னைக்காவது கூப்பிடறதுக்கு முன்னாடி போ.”

தரகரிடமும் அப்படி ஒரு பழக்கம் உண்டு. பிள்ளையைக் கேட்டால் பிள்ளையை மட்டும் கொண்டுவருவார். அப்பா எங்கே என்று தனியாகக் கேட்டால்தான் அப்பாவைத் தேடப் போவார். வேகத்துக்காக. அதை நினைத்துச் சொல்லவில்லை, ஆனால் அண்ணனுக்குச் சுருக்கென்று பட்டிருக்க வேண்டும். பையைத் தூக்கிக்கொண்டு போனான். லிஃப்டில் போகவில்லை, படியில் இறங்கினான்.

மூன்று நாற்பதுக்கு அண்ணியை அழைத்தேன். அவர் ஒரு கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவர். இரண்டாவது மணியிலேயே எடுத்தார்.

“சொல்லு. ஆள் உக்காந்திருக்காங்க. ...இடது கண்ணை மூடிக்குங்க. கடைசி வரியைப் படிங்க.”

யாரோ ஒரு முதியவர் எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சந்தேகப்படுவது கேட்டது. அதற்கு நடுவில் சொல்லி முடித்தேன்.

“நான் அவரை அழிக்கலையே,” என்றார். “வசிப்பவரான்னு கேட்டுச்சு. அல்லன்னு போட்டேன். பொய்யா சொல்ல முடியும்?”

“உங்க மேல தப்பே இல்லை அண்ணி. எழுதினது என் தப்பு.” அண்ணி என்று கூப்பிடலாமா என்று பத்து மாதமாகவே எனக்குத் தெரியவில்லை. வேறு சொல் கிடைக்காததால் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். எங்கள் அட்டவணையில் அவருக்கும் எனக்கும் நடுவில் எந்தக் கட்டமும் கிடையாது.

“சரி, ஆறு மணிக்கு நானே போய்க் கூட்டிக்கறேன். அதுவரைக்கும் அலுவலகத்துல உக்காந்திருப்பா.”

“அப்ப இது மூணாவது வெள்ளிக்கிழமை ஆயிடும்.”

“தெரியும்.” பிறகு முதியவரிடம்: “இப்ப வலது கண்.”

“இந்தத் தடவை அவன் மறக்கலை அண்ணி. மத்தியானத்துலருந்து இங்கதான் இருந்தான்.”

எதிர்முனையில் கண்ணாடி வில்லைகளை மாற்றும் சத்தம். டக். டக்.

“நான் என்ன பண்ணணும்?”

“ஒரு கேள்வி வரும். ஆம்னு தொடணும்.”

“என்னன்னு வரும்?”

படித்துக் காட்டினேன்.

“‘குடும்பத்தில் உறுப்பினராக’ன்னா வரும்?” அண்ணி குரலைத் தாழ்த்தினார். “போன மாசம் நாங்க ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டுக் குடுத்த பேப்பர்ல என்ன இருக்கு தெரியுமா? தனித்தனிக் குடும்பம், சேர்ந்து வாழறதுக்கு வாய்ப்பே இல்லைன்னு இருக்கு. அடுத்த மாசம் விசாரணை. இதுல போய் நான் ஆம்னு தொட்டா? வேற வார்த்தையே கிடைக்கலையா உனக்கு? ‘பிள்ளையைக் கூட்டிப்போகலாமா’ன்னு கேட்டிருக்கலாம்ல?”

கேட்டிருக்கலாம். ஆனால் கூட்டிப்போவது என்று தனியாக ஓர் உறவை நான் உருவாக்கவில்லை. குடும்பத்தில் இருந்தால் கூட்டிப்போகலாம், இல்லையென்றால் இல்லை. எழுதும்போது எவ்வளவு எளிமையாக இருந்தது.

“திங்கள்கிழமை மாத்திடலாம்.”

“திங்கள்கிழமை,” என்றார். “நான் தொட்டா அது எங்கயாவது பதிவாகுமா?”

“தேதி, நேரம், கேட்ட கேள்வி, நீங்க சொன்ன பதில். எல்லாம்.”

“அதை அப்புறமா அழிச்சுட முடியுமா?”

“முடியாது. அதை மட்டும் யாராலயும் அழிக்க முடியாத மாதிரி செஞ்சிருக்கோம்.”

அண்ணி சிரித்த மாதிரி இருந்தது. சிரிக்காமலும் இருந்திருக்கலாம். “மனுஷனை அழிச்சுடலாம், இதை முடியாதா?”

“அனுப்பட்டுமா?” என்றேன்.

“பன்னெண்டாம் நம்பர் டோக்கன் வாங்க,” என்று யாரையோ கூப்பிட்டார். பிறகு, “அனுப்பு. பாக்கறேன்,” என்று வைத்துவிட்டார்.

மூன்று ஐம்பத்திரண்டுக்கு அனுப்பினேன். உறவு: அப்பா. அந்தக் கட்டத்துக்கு மட்டும் சரியான மதிப்பு இருந்தது. சட்டாம்பிள்ளை தன் இடத்துக்குப் போகாமல், பக்கத்து மேஜையிலிருந்த செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அது பிளாஸ்டிக் செடி.

போன் அடித்தது. அண்ணன். பின்னால் வண்டிச் சத்தம், அம்மாக்களின் பேச்சு.

“வந்துட்டேன். அனுப்பிட்டியா?”

“அனுப்பிட்டேன். காத்திருக்குன்னு காட்டுது.”

“இவர்கிட்ட ஒரு தடவை தட்டிப் பாக்கச் சொல்லட்டுமா? ...அண்ணே, இன்னொரு தடவை பாருங்களேன்.”

“பாத்துட்டேன் சார்,” என்றது காவலாளியின் குரல், தூரத்தில். “போன வாரம்தானே சிரிச்சுப் பேசிட்டிருந்தோம், எனக்கு உங்களைத் தெரியாதா? பேரு வரட்டும், விட்டுடறேன். இதுல வரணும் சார்.”

மணி அடித்தது. போன் வழியாகக் கேட்கும்போது அது வகுப்பு முடிகிற மணியா, ஆரம்பிக்கிற மணியா என்று தெரிவதில்லை. கதவுகள் திறக்கிற ஓசை, நூற்றுக்கணக்கான செருப்புகள், பிறகு மிகப் பக்கத்தில், கம்பிகளுக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குரல்:

“அப்பா! இன்னைக்கு நீ எனக்கு முன்னாடியே வந்துட்டே!”

அண்ணன் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான் என்று நினைக்கிறேன். மேஜை விளிம்பில் இருந்த நான்கு கறுப்புத் தடங்களை நான் இன்னும் துடைக்கவில்லை.

திரையில் ‘அனுப்பப்பட்டது’ என்பது ‘பார்க்கப்பட்டது’ என்று மாறியது. இதற்கும் பதிலுக்கும் நடுவில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் ஆகலாம். காலக்கெடு ஒன்று வைக்கலாமா என்று ஒரு முறை பேசினோம், வைக்கவில்லை. ஊரின் வேறொரு பக்கத்தில், எழுத்துகள் கீழே போகப்போகச் சிறுத்துக்கொண்டே போகும் ஒரு பலகைக்குக் கீழே, அண்ணியின் கையில் இப்போது அது வெளிச்சமாக இருக்கும். என் வாக்கியம். கீழே ஒரே அளவில் இரண்டு பொத்தான்கள்.

“இவர் உங்கள் குடும்பத்தில் உறுப்பினராக விரும்புகிறார். சேர்த்துக்கொள்கிறீர்களா?”